சமையலறையில் ஒரு ஹைஸ்கூல்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் உரிமையை அமெரிக்கக் கிறிஸ்தவப் பெற்றோர் போராடிப் பெற்றார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதில் சம்மதமா என்று கேட்டவர்கள் குறைவு.

அமெரிக்காவின் தேசிய ஸ்பெல்லிங் போட்டி 2000-ஆம் ஆண்டு வாஷிங்டனில் முடிந்தபோது முதல் மூன்று இடங்களைப் பிடித்த மூவருமே வீட்டில் படித்த பிள்ளைகள். கோப்பையை வென்றவனின் பெயர் இந்தியக் காதுக்குப் பழக்கமானது: ஜார்ஜ் ஆபிரகாம் தம்பி. வயது 12. இந்திய வம்சாவளி. சில நாட்களுக்கு முன்புதான் தேசியப் பூகோளப் போட்டியில் இரண்டாவதாக வந்திருந்தான். அதுவரை வீட்டுப் படிப்பை ஏதோ மதப் பித்து என்று ஒதுக்கி வந்த பத்திரிகைகள் அன்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தன.

ஆனால் ஸ்பெல்லிங் வரைக்கும் அம்மா போதும். அல்ஜீப்ராவும் கெமிஸ்ட்ரியும் வந்த பிறகு?

இந்தியாவில் கிறிஸ்தவர்கள் என்றால் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் என்றுதான் நினைவுக்கு வரும். கிறிஸ்தவரல்லாத பெற்றோரும் கான்வென்ட் வாசலில் விண்ணப்பப் படிவத்துக்குக் கால் கடுக்க நிற்பது நமக்குப் பழகிய காட்சி. அமெரிக்காவிலோ பக்தியுள்ள குடும்பங்களில் ஒரு பகுதி பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியது. அரசுப் பள்ளிகள் ஏற்பாடு செய்யும் ஜெபம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962-இல் சொன்னது. அடுத்த ஆண்டு, வகுப்பறையில் பக்திச் சடங்காக பைபிள் வாசிப்பதும் செல்லாது என்றது. பரிணாமக் கொள்கை, பாலியல் கல்வி, போதை மருந்து என்று பட்டியல் நீண்டது. மத்தியக் கல்வித் துறையின் 2007 கணக்கெடுப்பில் வீட்டில் படித்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அவர்களின் பெற்றோரில் 36 சதவீதத்தினர் சமய, ஒழுக்கப் போதனையையே முதல் காரணமாகச் சொன்னார்கள். 2016-இல் சமயப் போதனையை முதல் காரணமாகச் சொன்னவர்கள் 16 சதவீதத்தினர்தான். பள்ளிச் சூழல் பிடிக்கவில்லை என்பதே அப்போது முதலிடத்துக்கு வந்துவிட்டது. இருந்தாலும் இந்த இயக்கத்தின் சட்டங்களையும் பாடநூல்களையும் உருவாக்கியதில் கிறிஸ்தவர்களின் கைதான் ஓங்கியிருந்தது.

அங்கே ஹைஸ்கூல் என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு வகுப்புகள். நாடு முழுவதற்குமான பொதுத்தேர்வு கிடையாது. கல்லூரிகள் கேட்பது நான்கு ஆண்டு மதிப்பெண் பட்டியல். வீட்டுப் பள்ளியில் அதைத் தயாரிப்பவர் பெரும்பாலும் அம்மா. ஒரு பாடத்தில் சுமார் 120 மணி நேரம் படித்தால் ஒரு கிரெடிட் என்பது பழைய கணக்கு. அதன்படி நேரம் குறித்து, கட்டுரை திருத்தி, கிரேடு போட்டு, கடைசியில் தலைமையாசிரியை என்ற இடத்தில் அவரே கையெழுத்தும் போடுகிறார். அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருக்கும் அதே மேஜையில்தான் இத்தனையும். பெற்ற பிள்ளைக்குத் தாய் போட்ட ஏ கிரேடைக் கல்லூரி எப்படி நம்பும்? அதனால்தான் எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. போன்ற தேர்வுகளின் மதிப்பெண் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட முக்கியமாகிறது.

எட்டாம் வகுப்புவரை தைரியமாக நடத்திய தாய்மார்கள் பலர் தடுமாறும் இடம் விஞ்ஞானம்தான். அந்தப் பயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஜே வைல். அணு வேதியியலில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், ஆசிரியரே இல்லாமல் மாணவனுடன் நேராகப் பேசும் பாணியில் பாடநூல்கள் எழுதினார். அபோலஜியா என்ற கிறிஸ்தவப் பதிப்பகத்தின் அந்த நூல்களில் வீட்டிலுள்ள சாமான்களைக் கொண்டே பல சோதனைகளைச் செய்துவிடலாம். கெமிஸ்ட்ரியில் பிரச்சினை இல்லை. உயிரியல் புத்தகமோ பரிணாமக் கொள்கையை மறுக்கிறது. கல்லூரியில் முதல் நாள் உயிரியல் வகுப்பில் உட்காரும்போதுதான் அந்த இடைவெளி பிள்ளைக்குத் தெரிய வரும்.

எல்லாவற்றையும் அம்மா ஒருத்தியே சுமப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து கோ-ஆப் அமைத்துக்கொள்கின்றன. வாரத்தில் ஒரு நாள் சர்ச் ஹாலில் கூடுவார்கள். இஞ்சினியரான ஒரு தகப்பன் பிசிக்ஸ் எடுப்பார், ஸ்பானிஷ் தெரிந்த தாய் ஸ்பானிஷ் எடுப்பார், தவளையை அறுத்துப் பார்ப்பதும் அங்கேதான். பதினாறு வயதானதும் பக்கத்திலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில் ஓரிரு பாடங்களுக்குச் சேர்த்துவிடுவது இன்னொரு வழி. அந்த மதிப்பெண் ஹைஸ்கூலுக்கும் ஆகும், கல்லூரிக்கும் ஆகும்.

விளையாட்டுக்கும் வழி பிறந்தது. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் அரசுப் பள்ளி அணிகளில் ஆடலாம் என்று ஃபுளோரிடா மாநிலம் 1996-இல் சட்டம் செய்தது. பிலிப்பைன்ஸில் பாப்டிஸ்ட் மிஷனரிகளுக்குப் பிறந்த டிம் டீபோ அந்தச் சட்டத்தால் வளர்ந்தவர். தாயே அவருக்கு ஆசிரியை. பிடித்த பள்ளியின் ஃபுட்பால் அணியில் ஆட அந்த மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும் என்பதால் தாயும் மகனுமாக அங்கே ஒரு அபார்ட்மெண்டுக்குக் குடிபோனார்கள். 2007-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குக் கிடைத்தது. பிற மாநிலங்களில் இதே போன்ற மசோதாக்களுக்கு ‘டீபோ மசோதா’ என்றே பெயராகிவிட்டது.

இந்தச் சுதந்திரத்தின் வேரைத் தேடினால் விஸ்கான்சின் மாநிலத்தின் நியூ கிளாரஸ் என்ற சிற்றூரில் போய் நிற்க வேண்டும். குதிரை வண்டியில் போகும், மின்சார இணைப்பு வாங்காத ஆமிஷ் கிறிஸ்தவர்கள் அங்கே இருந்தார்கள். எட்டாவதோடு படிப்பு போதும், அதற்கு மேல் பிள்ளைகள் வயலிலும் வீட்டிலும் கற்கட்டும் என்பது அவர்கள் வழக்கம். மாநிலச் சட்டமோ 16 வயதுவரை பள்ளி கட்டாயம் என்றது. 1968-இல் மூன்று தகப்பன்கள் மீது வழக்குப் போட்டார்கள். அபராதம் தலைக்கு ஐந்தே டாலர். வழக்காடுவது ஆமிஷ் மரபில் இல்லை. அதனால் ஒரு லூத்தரன் போதகர் கமிட்டி அமைத்துக் கொடுத்தார், ஒரு கத்தோலிக்க வழக்கறிஞர் வாதாடினார். 1972 மே மாதம் உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்பளித்தது.

வாதத்தில் கலந்துகொண்ட நீதிபதிகளில் ஒருவர் மட்டும் ஓரளவு விலகி நின்றார். வில்லியம் டக்ளஸ் எழுப்பிய ஆட்சேபம் எளிமையானது. வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளைகளுக்கு வயது 14, 15. தன் நம்பிக்கையைப் பற்றிச் சாட்சி சொன்னது ஃப்ரீடா யோடர் என்ற ஒரே பெண்தான். அந்தப் பெண்ணின் விஷயத்தில் டக்ளஸ் தீர்ப்பை ஒப்புக்கொண்டார். மற்ற இரண்டு பிள்ளைகள்? பியானோ வாசிக்கவோ விண்வெளிக்குப் போகவோ ஆசைப்படும் பிள்ளை அவர்களில் இருக்கலாமே, கேட்காமல் எப்படி முடிவு செய்வது என்றார். பெரும்பான்மை நீதிபதிகள், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சண்டை என்று யாரும் வழக்குக் கொண்டுவரவில்லையே என்று அதைக் கடந்து போனார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இந்த வயதில் சுவாரஸ்யமாக மௌனம் சாதிக்கிறது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரைதான் பேசுகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது 14. அதாவது ஒரு கதவு மூடும் வயதில் இன்னொன்று திறக்கிறது. வீட்டுப் படிப்பை விரும்பும் இந்தியக் குடும்பங்களில் பல, மதம் எதுவானாலும், இந்தக் கதவு வழியாகத்தான் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகின்றன. பொதுத்தேர்வு என்ற வடிகட்டி ஒன்று இங்கே மிச்சமிருப்பதால் பிள்ளை ஒன்றுமே படிக்கவில்லை என்றால் அங்கேயாவது தெரிந்துவிடும்.

ஆமிஷ் வெற்றி அவர்களின் 300 ஆண்டு மரபுக்குக் கிடைத்த விதிவிலக்கு. மற்றவர்கள் எளிதில் கேட்க முடியாது என்று தீர்ப்பே எச்சரித்தது. ஆனாலும் மற்ற கிறிஸ்தவப் பெற்றோருக்கு அது தெம்பு கொடுத்தது. 1983-இல் வீட்டுப் பள்ளி சட்டப் பாதுகாப்புச் சங்கம் உருவானது. மிச்சிகனில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் இல்லாமல் பாடம் நடத்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு தம்பதியை, 1993-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் விடுவித்தது. அப்போது வீட்டுப் படிப்பு ஐம்பது மாநிலங்களிலும் சட்டபூர்வமாகிவிட்டது. கண்காணிப்பில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நியூயார்க்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும். ஐடஹோவிலும் ஓக்லஹோமாவிலும் வீட்டில் ஒரு பிள்ளை படிக்கிறது என்ற தகவலைக்கூட யாருக்கும் தரவேண்டாம்.

அந்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களானார்கள். பலர் பெற்றோருக்கு நன்றி சொல்கிறார்கள், தங்கள் பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். வேறு சிலர் 2013-இல் ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். வீட்டுப் படிப்பை ஒழிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை அல்ல. யாராவது ஒருவர் வந்து பார்க்கட்டும் என்கிறார்கள். டெக்சாஸில் வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே படித்த ஒரு இளம்பெண் வெளியே வந்தபோது கையில் பிறப்புச் சான்றிதழோ பள்ளிப் பதிவோ எதுவும் இல்லை. வேலைக்கும் போக முடியவில்லை, கார் லைசென்ஸும் வாங்க முடியவில்லை. அந்தப் பெண் பகிரங்கமாகப் பேசியதன் விளைவாக, பிள்ளையின் அடையாளத்துக்கான ஆவணங்களைத் தர மறுப்பதைக் குற்றமாக்கி 2015-இல் டெக்சாஸ் சட்டம் இயற்றியது.

வர்ஜீனியாவில் நடந்தது இன்னும் நெருக்கமாக டக்ளஸின் கேள்வியைத் தொடுகிறது. அங்கே மத நம்பிக்கை என்று எழுதிக் கொடுத்து விலக்கு பெற்றுவிட்டால் பாடத்திட்டமும் இல்லை, தேர்வும் இல்லை. ஒரு கட்டத்தில் சுமார் 7,000 பிள்ளைகள் இந்த விலக்கில் இருந்தார்கள். பெற்றோருடன் சேர்ந்து பிள்ளைக்கும் அந்த நம்பிக்கை இருக்க வேண்டும் என்றுதான் சட்ட வாசகம் சொல்கிறது. நடைமுறையில் பெற்றோரின் கடிதமே போதுமானதாக இருந்து வந்தது. பெரிய குடும்பம் ஒன்றின் மூத்த மகன், எளிய கணக்குகூடத் தனக்கு வரவில்லை என்று உணர்ந்து, பதின்ம வயதில் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும்படி அதிகாரிகளிடமே கேட்டுப் பார்த்தான். முடிவு பெற்றோருடையது என்றுதான் பதில் வந்தது. கம்யூனிட்டி கல்லூரியில் அடிப்படைப் பாடங்களை முதலிலிருந்து படித்து, பிறகு வாஷிங்டனின் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் பிடித்தான். அவன் கதை 2013-இல் பத்திரிகையில் வந்தபோது அவனது கவலையெல்லாம் வீட்டில் இன்னும் அதே மேஜையில் உட்கார்ந்திருந்த தம்பி தங்கைகளைப் பற்றித்தான்.