10 லட்சம் ரூபாய் மெஷின், ஏக்கருக்கு 500 ரூபாய் கூலி: ட்ரோன் ஸ்டார்ட்அப் கணக்கு சிதம்பரத்தில் நிக்குமா?

சம்பா பருவத்தில் சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோவில் பக்கம் போனால், வயலுக்கு மேல் தேனீ மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு ஒரு மெஷின் பறப்பதைப் பார்க்கலாம். கீழே வரப்பில் ரிமோட்டோடு ஒருவர், பக்கத்தில் மருந்து கலக்க ஒருவர், கொஞ்சம் தள்ளி பேட்டரி சார்ஜ் போட ஒரு ஜெனரேட்டர். பத்து நிமிடத்துக்குள் ஒரு ஏக்கர் முடிந்துவிடும்.

அதைப் பார்க்கிற யாருக்கும் வருகிற ஐடியாதான்: "நாமும் ஒரு ட்ரோன் வாங்கிப் போட்டா என்ன?" பி.எஸ்சி. அக்ரி முடித்தவர், இன்ஜினீயரிங் முடித்து ஊருக்குத் திரும்பியவர், சென்னையில் ஐ.டி. வேலையில் இருந்தபடி ஊரில் ஏதாவது முதலீடு செய்ய நினைப்பவர் என பலர் இதை யோசிக்கிறார்கள். ஆனால் ட்ரோனைப் பறக்க வைப்பதைவிட, அந்த பிசினஸைப் பறக்க வைப்பதுதான் கஷ்டம். அதற்கு எந்தப் பணம் சரி, எந்தப் பணம் சிக்கல்? பார்க்கலாம்.

ஏன் திடீர்னு எல்லாரும் ட்ரோன் பற்றி பேசுறாங்க?

2021 ஆகஸ்ட் வரை இந்தியாவில் ட்ரோன் தொழில் என்றாலே பெரிய தலைவலி. அந்த மாதம் வந்த 'ட்ரோன் விதிகள் 2021' நிலைமையை மாற்றியது. நிரப்ப வேண்டிய படிவங்கள் 25-லிருந்து 5 ஆகக் குறைந்தன. 72 வகைக் கட்டணங்கள் 4 ஆகின. பசுமை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை என்றானது.

2022 பிப்ரவரியில் இரண்டு முக்கிய முடிவுகள் வந்தன. ஒன்று, வெளிநாட்டில் முழுதாகத் தயாரான ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களை இறக்குமதி செய்யத் தடை இல்லை. இன்னொன்று, பைலட் லைசென்ஸுக்குப் பதிலாக, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையம் தரும் சான்றிதழே போதும் என்ற மாற்றம். 10-ம் வகுப்பு தேர்ச்சி, 18 முதல் 65 வயது. இதுதான் அடிப்படைத் தகுதி.

2025 செப்டம்பர் 22 முதல் ட்ரோன்களுக்கான ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன்பு வகையைப் பொறுத்து 18, 28 சதவீதம் வரை இருந்தது.

ஆக, கதவு திறந்தாச்சு. உள்ளே போனவர்கள் எப்படிப் பணம் திரட்டினார்கள்?

தமிழ்நாட்டு ட்ரோன் கம்பெனிகளுக்கு பணம் வந்த வழி

முதல் வழி, பல்கலைக்கழக ஆய்வகம். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் வளர்ந்த 'தக்‌ஷா' அணியைப் பலருக்கும் நடிகர் அஜித் வழியாகத் தெரியும். அவர் ஆலோசகராக இருந்த அந்த மாணவர் அணி, 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அதே பெயரில் வளர்ந்த தக்‌ஷா அன்மேன்டு சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்கை 2023-ல் கோரமண்டல் இன்டர்நேஷனல் தன் துணை நிறுவனம் வழியாக வாங்கியது.

இதில் கடலூர்க்காரர்களுக்கு ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. கோரமண்டல், முருகப்பா குழுமத்தின் உரம், பூச்சிமருந்து நிறுவனம். அதன் தாய் நிறுவனம் ஈ.ஐ.டி. பாரி. நம்ம நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையை நடத்துகிற அதே பாரிதான். உரம் விற்கிறவருக்கு ட்ரோன் கம்பெனி எதற்கு? விவசாயி ஏற்கெனவே அவருடைய வாடிக்கையாளர். மருந்தை விற்பதோடு அடித்தும் கொடுத்தால் அந்த உறவு இன்னும் இறுகும். ட்ரோன் கம்பெனிக்கோ, கஷ்டப்பட்டுத் தேட வேண்டிய வாடிக்கையாளர்கள் ரெடியாகக் கிடைக்கிறார்கள். இங்கே முதலீட்டோடு சந்தையும் சேர்ந்து வந்தது.

இரண்டாவது வழி, வென்ச்சர் கேபிடல். சென்னையின் கருடா ஏரோஸ்பேஸ், அக்னீஸ்வர் ஜெயபிரகாஷ் தொடங்கியது. 2022-ல் தோனி முதலீட்டாளராகவும் விளம்பரத் தூதராகவும் சேர்ந்தார். 2023 பிப்ரவரியில் ஸ்பிதிகேப் தலைமையில் 2.2 கோடி டாலர், 2025-ல் வென்ச்சர் கேட்டலிஸ்ட்ஸிடமிருந்து 100 கோடி ரூபாய் என அடுத்தடுத்து ஃபண்டிங் வந்தது. இந்த வழியில் வேகமாக வளரலாம். ஆனால் அந்த வேகத்தைத் தொடர்ந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது வழி, பங்குச் சந்தை. இதற்கு உதாரணம் தமிழ்நாட்டில் இல்லை, மும்பையில் இருக்கிறது. ஐ.ஐ.டி. மும்பை மாணவர்கள் 2007-ல் தொடங்கிய ஐடியாஃபோர்ஜ், 2023-ல் ஐ.பி.ஓ. வந்தது. 672 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு, ஜூலை 7 அன்று சுமார் 1,300 ரூபாயில் பட்டியலானது. அடுத்த ஆண்டே விலை அந்த 672-க்குக் கீழே போனது. 2024-25 நிதியாண்டில் நிறுவனம் நஷ்டம் காட்டியது. ஐடியாஃபோர்ஜின் முக்கிய வாடிக்கையாளர் ராணுவம். ஆர்டர் வந்தால் வருமானம் எகிறும், தள்ளிப்போனால் சரியும்.

சரி, சிதம்பரத்தில் ஒரு ட்ரோன் போட்டா கணக்கு எப்படி?

இதுதான் முக்கியம். கணக்கு புரிவதற்காகச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் கூலி, செலவுக்கு ஏற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

ட்ரோன், கூடுதல் பேட்டரிகள், சார்ஜர் எல்லாம் சேர்த்து 10 லட்சம் ரூபாய். ஏக்கருக்குக் கூலி 500 ரூபாய். பைலட், உதவியாளர், வண்டி, ஜெனரேட்டர் டீசல், பேட்டரி தேய்மானம் எல்லாம் போக ஏக்கருக்கு 250 ரூபாய் மிச்சம். ஒரு நாளைக்கு 20 ஏக்கர் அடித்தால் 5,000 ரூபாய்.

போட்ட 10 லட்சத்தை எடுக்க 200 வேலை நாட்கள் வேண்டும். அப்போ ஒரே வருஷத்தில் எடுத்துடலாமே? இல்லை. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சம்பா பயிருக்கு மருந்து தேவைப்படும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றுதான். மழை பெய்தால் பறக்க முடியாது. காற்று பலமாக அடித்தாலும் முடியாது, மருந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும். இன்னொன்று, பூச்சி தாக்கினால் ஊரில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் மருந்தடிக்க வேண்டும். அந்த வாரம் போன் ஓயாது. அடுத்த மாதம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். வருடத்துக்கு 60 நாள் முழு வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதலை எடுக்க மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். கடனுக்கான வட்டி தனி. அதற்குள் பேட்டரி மாற்ற வேண்டி வரும்.

மானியம் இந்தக் கணக்கை எப்படி மாத்துது?

ஒன்றிய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், வேளாண் பட்டதாரி ஒருவர் வாடகை மையம் தொடங்கினால் ட்ரோன் விலையில் 50 சதவீதம், அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். அப்போது நம் கணக்கில் கைப்பணம் 5 லட்சம்தான். 100 வேலை நாட்கள், அதாவது இரண்டு வருஷத்துக்குள் முதல் திரும்பிவிடும். அண்ணாமலைப் பல்கலைக்கழக வேளாண் புலத்தில் படித்து முடிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் தங்கள் உறுப்பினர்களின் வயலில் செயல்விளக்கம் செய்ய ட்ரோன் வாங்கினால் 75 சதவீதம் வரை உண்டு.

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம். 15,000 குழுக்களுக்கு ட்ரோன் தர 1,261 கோடி ரூபாயை 2023 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒதுக்கியது. குழுவின் பங்கு 2 லட்சம் என்றால் 40 வேலை நாட்களே போதும். ஒரே வருஷத்தில் முதல் கைக்கு வந்துவிடும்.

அதே மெஷின், அதே வயல், அதே கூலி. மானியம் இருந்தால் ஒரு வருஷம், இல்லையென்றால் மூன்று வருஷத்துக்கு மேல். அப்படியென்றால், இந்தத் தொழில் இன்று மானியத்தின் மேல்தான் நிற்கிறது. ட்ரோன் தயாரிக்கிற கம்பெனிக்கும் இதே கதைதான். அவர்கள் மெஷின்களைப் பெருமளவில் வாங்குவது அரசுத் திட்டங்களும் உர நிறுவனங்களும்தான். முதலீடு செய்கிறவரோ கடன் வாங்குகிறவரோ கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: திட்டம் முடிந்த பிறகும் இந்த கம்பெனிக்கு வாடிக்கையாளர் இருப்பாரா?

மீதி 300 நாளுக்கு என்ன செய்றது?

கடலூர் மாவட்டத்தின் பலம் இங்கே உதவுகிறது. காட்டுமன்னார்கோவில், குமராட்சி, கீரப்பாளையம், புவனகிரி, பரங்கிப்பேட்டை ஆகிய ஐந்து வட்டாரங்களும் 2020-ல் அறிவிக்கப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இருப்பவை. வீராணம் தண்ணீர் இருக்கும்வரை நெல் இருக்கும். நெல் முடிந்ததும் ஈரத்திலேயே உளுந்து, பச்சைப்பயறு விதைப்பார்கள். பூக்கும் நேரத்தில் டி.ஏ.பி. கரைசலை இலைவழியாகத் தெளிக்க வேளாண் துறை நீண்டகாலமாகச் சொல்லி வருகிறது. ஆள் கிடைக்காததால் பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தை, மாசியில் ட்ரோனுக்கு இது நல்ல வேலை.

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு இருக்கிறது. வளர்ந்த கரும்புக்குள் ஆள் நுழைந்து மருந்தடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அடித்தவர்களுக்குத் தெரியும். பண்ருட்டியில் முந்திரி. ஆனால் மரத்துக்கு அடிப்பது நெல்லுக்கு அடிப்பது போல இல்லை, உயரமும் மருந்து அளவும் வேறு. தனிப் பயிற்சி வேண்டும்.

அடுத்தது, மருந்தடிக்காத ட்ரோன்கள். நில அளவை, கட்டுமான வேலை, மண் குவியல் அளவீடு, வெள்ளச் சேதக் கணக்கெடுப்பு போன்றவை. 2011 டிசம்பரில் தானே புயல் பண்ருட்டி முந்திரித் தோப்புகளைச் சாய்த்தது. 2024 ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரால் தென்பெண்ணை கடலூரை மூழ்கடித்தது. இப்படி ஒரு மாவட்டத்தில் எந்த வயலில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று படத்தோடு காட்டுகிற சேவைக்குத் தேவை இருக்கிறது. இதற்கான ட்ரோன் சிறியது, வேலை முழுக்க கேமராவிலும் சாஃப்ட்வேரிலும். பருவம் பார்க்காமல் வருமானம் வரக்கூடிய பகுதி இது.

எந்தப் பணம் யாருக்குப் பொருந்தும்?

ஒன்றிரண்டு ட்ரோன் வைத்து மருந்தடிக்கும் சேவை என்றால், வென்ச்சர் கேபிடல் பக்கம் போக வேண்டாம். அவர்கள் எதிர்பார்ப்பது பல மடங்கு வளர்ச்சி. ஏக்கர் கணக்கில் கூலி வாங்கும் தொழில் அப்படி வளராது. அது தப்பில்லை, அது வேறு மாதிரித் தொழில். இதற்கு மானியமும் வங்கிக் கடனும் போதும். தமிழ்நாடு அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் 25 சதவீத மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம்.

புதிதாக ஒரு பொருள் செய்கிறீர்களா? நல்ல பேட்டரி, மருந்து சிதறாத நாசில், பயிர் நோயைப் படத்தில் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர்? அப்போது ஸ்டார்ட்அப் டி.என்-னின் 'டான்சீட்' நிதியில் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். பெண்கள் நடத்தும் நிறுவனம், பசுமைத் தொழில்நுட்பம் போன்றவற்றுக்கு 15 லட்சம். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதியில், மாதிரி செய்து பார்க்க 20 லட்சம் வரை, சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம் வரை வழி உண்டு. முதலாவது மானியம், இரண்டாவது கடன் அல்லது பங்காக மாறும் கடன் பத்திரம்.

முழு ட்ரோனையும் தயாரிக்கப் போகிறீர்களா? அதற்கு டி.ஜி.சி.ஏ-வின் வகைச் சான்றிதழ் வேண்டும். நேரமும் பணமும் பிடிக்கும் வேலை. மோட்டார், பேட்டரி செல், கன்ட்ரோலர் போன்ற பலவற்றுக்கு இன்னமும் சீனாவை நம்ப வேண்டியிருக்கிறது. 2023 செப்டம்பர் முதல் சீனா ட்ரோன் பாகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. 2025-ல், சீன பாகங்கள் இருப்பதைக் காரணம் காட்டி 400 ட்ரோன்களுக்கான ஒப்பந்தங்களை இந்தியப் பாதுகாப்புத் துறை ரத்து செய்ததாகச் செய்தி வந்தது. அதனால், பாகங்களை இங்கேயே செய்கிறவருக்கு வாய்ப்பு பெரியது.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

வாங்கும் மாடலுக்கு வகைச் சான்றிதழ் இருக்கிறதா? ட்ரோனுக்குப் பதிவு எண், பைலட்டுக்குச் சான்றிதழ், மூன்றாம் நபர் காப்பீடு மூன்றும் ரெடியா? விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ரெக்கை உடைந்தால் கடலூருக்குள் சர்வீஸ் கிடைக்குமா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா? சம்பா நடுவில் பத்து நாள் மெஷின் நின்றால் 50,000 ரூபாய் போச்சு.

மாற்று பேட்டரி என்ன விலை? டீலரிடம் எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, மெஷின் வாங்கும் முன்பே எத்தனை ஏக்கருக்கு வாக்குறுதி இருக்கிறது? ஊர் கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், மருந்துக்கடைக்காரர் என மூன்று பேரிடம் பேசி, ஒரு பருவத்துக்கு 800 ஏக்கராவது தேறுமா என்று பாருங்கள். தேறினால் கடன் வாங்க யோசிக்கலாம். தேறவில்லை என்றால், ஏற்கெனவே ட்ரோன் வைத்திருப்பவரிடம் ஒரு பருவம் பைலட்டாக வேலை பாருங்கள். உங்கள் ஊரில் உண்மையிலேயே எத்தனை நாள் பறக்க முடிகிறது என்பது தெரிந்துவிடும். மேலே நாம் போட்ட கணக்கில் அந்த 60-ஐ அழித்துவிட்டு, அந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.