கன்றின் முதற் பங்கு

கம்பத்தில் நந்தகோபாலன் கோயிலைச் சேர்ந்த தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு மாட்டுப் பொங்கலன்று ஜனங்கள் திரள் திரளாகச் சென்று, மாடுகளைத் தெய்வமாகவே வணங்குகிறார்கள். பசுவை இவ்வளவு போற்றும் நாட்டில், அன்று பிறந்த கன்றுக்கு நாம் அறியாமலே ஓர் அநீதி செய்து வருகிறோம்.

நஞ்சுக்கொடி விழும் வரையில் கன்றை மடியில் விடலாகாது என்பது நம் கிராமங்களில் பல வீட்டு வழக்கம். அது விழ எட்டு மணி நேரம்கூடச் செல்லும். விழுந்த பிறகோ, முதற் செம்புச் சீம்பால் வெல்லத்தோடு அடுப்பேறிவிடுகிறது. அந்த ருசியில் நமக்கும் பிரியம் உண்டு, மறைப்பானேன்?

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் கருவிலேயே வந்து சேர்கின்றன. பசுவின் நஞ்சுக்கொடி அவற்றை உட்புக விடுவதில்லை. ஆகவே கன்று நிராயுதபாணியாகவே பூமிக்கு வருகிறது. அதற்குரிய பாதுகாப்பெல்லாம் சீம்பாலில் திரண்டு நிற்கிறது. கன்றின் குடல் அதை அப்படியே இரத்தத்தில் ஏற்றுக்கொள்ளும்; ஆனால் அந்தச் சக்தி மணிக்கு மணி குறைந்து, ஒரு நாளில் அற்றுவிடும். பிறகு எத்தனை படி புகட்டினாலும் அது பெரும்பாலும் ஆகாரமே.

1922-ல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இருவர் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். சீம்பால் மறுக்கப்பட்ட கன்றுகளில் பெரும்பாலானவை மடிந்தன.

20 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதற் சில மணி நேரத்துக்குள் சுமார் 2 லிட்டர் வேண்டும். நஞ்சுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. கன்று முட்டிக் குடிக்கையில் கருப்பை சுருங்குவதால், நஞ்சு விழவும் அது துணையாகும்.

வீட்டுப் பூனைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். குதிருக்குப் பின்னால் ஈன்ற குட்டிகளைக் குழந்தைகள் முதல் நாளே தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றுவார்கள். குட்டியின் குடலுக்கோ சுமார் 16 மணி நேரமே அவகாசம். தாய் தந்த பாதுகாப்பு சில வாரங்களில் கரையும்; அது மிகுந்திருக்கும் வரையில் தடுப்பூசி சரியாகப் பலிக்காது. அதனால்தான் வைத்தியர்கள் 6 அல்லது 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

சீம்பால் பிரியர்கள் கவலைப்பட வேண்டாம். கன்று குடித்து மிஞ்சுவது இரண்டாம் நாளும் கிடைக்கும். வேக வைத்தால் சற்று இளக்கமாகவே கட்டியாகும். ஏலக்காயைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.