எலியம்மாவுக்கு விசிறும் பூனை

செருப்பைக் கழற்ற வேண்டாம், சத்தம் மட்டும் போடாமல் வாருங்கள். பாரோக்களின் கல்லறைக்கு முன்வாசலில்தான் எல்லோரும் வரிசை கட்டி நிற்கிறார்களே. நாம் கொல்லைப்புறமாக நுழைவோம்!

எகிப்தில் லக்சருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில் இருக்கிறது டெய்ர் எல் மெதினா. மன்னர் பள்ளத்தாக்கில் கல்லறை குடைந்த கல்தச்சர்களும், சுவரில் வண்ணம் தீட்டிய ஓவியர்களும் பெண்டு பிள்ளைகளோடு குடியிருந்த ஊர். அங்கே எழுதுவதற்குப் பஞ்சமே இல்லை. உளி பட்டுத் தெறித்த சுண்ணாம்புக்கல் சில்லு காலடியெங்கும் இலவசம். கணக்கு, கடிதம், வழக்கு, கிறுக்கல் எல்லாம் அதில்தான்.

பிற்காலத்தில் யாரோ தண்ணீர் தேடி ஊரோரம் சுமார் 50 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினார்கள். சொட்டுத் தண்ணீர் இல்லை. குழி குப்பைத்தொட்டியானது. பிரெஞ்சுத் தொல்லியலாளர் பெர்னார் ப்ரூயேர் அதைக் கிளறியபோது 5,000-க்கும் மேல் எழுத்துச் சில்லுகள்! நல்லவேளை, தண்ணீர் வரவில்லை.

இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ஒரு கல்லைப் பார்ப்போம். பாரோ இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டில் இந்த ஊர்த் தொழிலாளர்களின் வருகைப் பதிவேடு. ஆட்கள் 40 பேர். பெயரும் தேதியும் கறுப்பு மையில். வேலைக்கு வராத காரணம் மட்டும் தேதிக்கு மேலே பொடியாகச் சிவப்பு மையில். ஒருவரைத் தேள் கொட்டிவிட்டது. ஒருவருக்குக் கண்வலி. ஒருவர் அம்மாவின் உடலுக்குத் துணி சுற்றப் போயிருக்கிறார். மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்றும் லீவு! வீட்டில் பீர் காய்ச்ச வேண்டும் என்பவர்களும் உண்டு. பெந்துவா என்பவர் கோன்சு என்பவரோடு குடித்துக்கொண்டிருந்தாராம். எழுத்தர் அதையும் விடாமல் குறித்துவிட்டார், பாவி மனுஷன். பாரோவின் தங்க முகமூடியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இந்தச் சிலிர்ப்பு வருவதில்லை.

கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்துச் சில்லில் ஒரு கல்தச்சர் இருக்கிறார். கல்லறைச் சுவரில் பெரும்பாலானோர் மழுமழுவென்று, இளமையோடு நிற்பார்கள். இவருக்கோ வழுக்கைத் தலை, குண்டு மூக்கு, மழிக்காத தாடி. கையில் உளியும் சுத்தியும். வாய் திறந்தபடி. சக தொழிலாளி யாரோ ஓய்வில் வரைந்து, காட்டிச் சிரித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று, புரூக்ளின் மியூசியத்தில். பழைய லக்சரான தீப்ஸ் வட்டாரத்துச் சில்லு. கனத்த எலியம்மா ஒருத்தி இருக்கையில் உட்கார்ந்து, கிண்ணத்தை வாயருகே வைத்திருக்கிறாள். எதிரே ஒல்லிப் பூனை. கையில் விசிறி, வாட்டிய வாத்து. கல்லறைச் சுவரில் பெரிய மனிதர்களுக்குப் படையல் நீட்டும் அதே காட்சிதான், அச்சு மாறவில்லை. பகலெல்லாம் அதைத் தீட்டிய கைக்குத்தானே அது மனப்பாடம்! பூனையின் வாலைப் பாருங்கள், காலுக்கிடையில் செருகியிருக்கிறது.