இலைக்கு இளநீர்

செம்பருத்திக் குச்சியை நட்டால் துளிர்க்கிறது. குச்சியில் கணு இருக்கிறது, கணுவில் மொட்டு தயாராக இருக்கிறது. வேர் பிடித்தால் போதும். பாம்புக் கற்றாழை, ரெக்ஸ் பிகோனியா, ஆப்பிரிக்க வயலட் போன்ற அழகுச்செடிகளின் இலையை வெட்டி நடும்போது இந்த வசதி இல்லை. வெட்டுவாயில் உள்ள திசு வேரையும் புதிதாக உண்டாக்க வேண்டும், குருத்தையும் உண்டாக்க வேண்டும். சில இலைகள் வேர் விட்ட பிறகும் மாதக்கணக்கில் வெறும் இலையாகவே நிற்பது இதனால்தான்.

வேரா குருத்தா என்பதை ஆக்சின், சைட்டோகைனின் என்ற இரண்டு தாவர ஹார்மோன்களின் விகிதம் முடிவு செய்கிறது. ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர், சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் குருத்து. 1957இல் ஸ்கூக், மில்லர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் புகையிலைத் திசுவில் இதைக் காட்டினார்கள். கடையில் வாங்கும் வேர் ஊக்கிப் பொடியில் பெரும்பாலும் ஆக்சின் வகை மட்டுமே இருக்கும். இளநீரில் இரண்டும் உண்டு. 1941இலேயே வான் ஓவர்பீக் குழுவினர் ஊமத்தையின் இளங்கருவைத் தேங்காய் நீர் கலந்த ஊடகத்தில் வளர்த்துவிட்டார்கள்.

முருங்கை இலைச்சாற்றில் இருக்கும் சியாட்டினும் சைட்டோகைனின்தான். குருத்துக்கு நல்லது, அளவு மிஞ்சினால் வேரைத் தடுக்கும். சோற்றுக்கற்றாழைச் சாற்றை மந்திரம் போலச் சொல்கிறவர்கள் அதிகம். என்னைக் கேட்டால் அது துணை மருந்து, அவ்வளவுதான்.

பாம்புக் கற்றாழை இலையை விரல் நீளத் துண்டுகளாக்கும்போது ஒவ்வொன்றின் அடிமுனையிலும் சின்னதாக ஓர் அடையாளம் வெட்டிவிடுங்கள். தலைகீழாக நட்ட துண்டு வேர் விடாது. வெட்டிப் போட்ட பிறகு எது மேல், எது கீழ் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. அன்று வெட்டிய இளநீர் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து அடிமுனையை அரைமணி நேரம் நனையுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும்; இளநீரின் சர்க்கரை ஒட்டியிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நிழலில் இரண்டு நாள் காயவிட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த தொட்டியில் செருகுங்கள். தண்ணீர் குறைவாகவே போதும். வேர் வரவே சில வாரங்கள் ஆகும், குருத்துக்கு மேலும் சில மாதங்கள்.

ஒன்று மட்டும். ஓரத்தில் மஞ்சள் கரை ஓடும் ரகத்தை இப்படிப் பெருக்காதீர்கள். எந்தச் சாற்றில் நனைத்தாலும் இலையிலிருந்து வரும் கன்றுக்கு அந்தக் கரை இருக்காது; கரை வேண்டுமென்றால் பக்கக் கன்றைக் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.