மணிப்பிளான்ற் வளர்ப்போம், நுளம்பை வளர்க்காதிருப்போம்

காணியை விட்டு வந்து, பிறர் வளவிலோ சிறு துண்டு நிலத்திலோ குடியிருக்கும் குடும்பங்களுக்குத் தோட்டம் செய்ய இடம் கிடைப்பதில்லை. ஆனால் திண்ணை ஓரமும் ஒரு பழைய ரின்னும் இருந்தால் மணிப்பிளான்ற் வளர்க்கலாம். வீட்டுக்கு அழகு தரும் இக்கொடியைக் கன்றுகளாக்கி விற்றுச் சிறு கைச்செலவுக்கும் வழி தேடலாம்.

இதன் தாயகம் பசுபிக் சமுத்திரத்திலுள்ள மூரேயா தீவு. இக்கொடி பூப்பது மிக அரிது. பூப்பதற்கு வேண்டிய ஜிபரெலின் என்னும் வளர்ச்சிப் பதார்த்தம் இதில் போதியளவு உண்டாவதில்லை என 2016 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே விதையைத் தேட வேண்டாம். தண்டே இதன் விதை.

தண்டை வெட்டும் முறை

இலை தண்டோடு சேரும் இடம் கணு எனப்படும். அங்கே மண்ணிறத்தில் சிறு முளை போன்ற வேர் தெரியும். கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுங்கள். ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டு ஒரு கன்றாகும். கணு இல்லாத வெறும் இலை கொடியாகாது. பத்துக் கணுவுள்ள கொடி ஏறக்குறைய அத்தனை கன்று தரும்.

துண்டுகளை நேரடியாக ஈரமண்ணில் நடலாம். இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு உக்கிய சாண எரு போதும். பால்மா ரின், பொலித்தீன் பை எதுவானாலும் அடியில் துளை இட வேண்டும். ஒரு பையில் மூன்று நான்கு துண்டுகளை நட்டால் கன்று அடர்த்தியாகத் தெரியும், வாங்குபவரும் விரும்புவர். இரண்டு முதல் நான்கு கிழமைக்குள் வேர் பிடிக்கும்.

பராமரிப்பு

வெளிச்சமுள்ள நிழலே நல்லது. நேர்வெயில் இலையைக் கருக்கும். கடும் இருட்டில் மஞ்சள் வரிகள் மங்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் காற்றுப் படாத பக்கத்துக்கு மாற்றுங்கள்.

விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். இக்கொடி தாகத்தால் சாவதைவிட வேர் அழுகிச் சாவதே அதிகம். இலைகள் பல ஒன்றாக மஞ்சளானால் பெரும்பாலும் தண்ணீர் கூடிவிட்டது என்றே பொருள். பாத்திரம் கழுவிய சவர்க்காரத் தண்ணீரைத் தவிர்த்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றலாம்.

போத்தலில் வைப்பவர்கள் கவனிக்க

பலர் இக்கொடியைத் தண்ணீர்ப் போத்தலில் வைப்பதுண்டு. டெங்குவைப் பரப்பும் நுளம்பு முட்டையிட விரும்புவது இத்தகைய தெளிந்த தண்ணீரிலேதான். 2017 இல் இலங்கையில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு என அறிவிக்கப்பட்டது. வீடுகள் நெருக்கமாக உள்ள இடங்களில் ஒரு வீட்டுப் போத்தல் அயல் வீடுகள் அனைத்துக்கும் ஆபத்து.

முட்டை நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு கிழமை போதும். ஆகவே:

1. மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.
2. தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் போத்தலின் உட்சுவரில் ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் பல மாதம் உயிரோடிருக்கும். உள்ளே நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.
3. வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்றுங்கள். சாடியின் கீழுள்ள தட்டிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள்.

குழந்தைகளும் ஆடுகளும்

இக்கொடியில் ஊசி போன்ற நுண்ணிய ஒட்சலேற்றுப் பளிங்குகள் உண்டு. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் தொங்க விடுங்கள். வெட்டிய குழையை ஆட்டுக்குப் போடாதீர்கள். பால் பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள்.

கழித்த தண்டைப் பற்றைக்குள்ளும் வீசாதீர்கள். விழுந்த இடத்தில் வேரூன்றி மரத்தில் ஏறிவிடும். கண்டி உடவத்தக்கலை வனத்தில் இக்கொடி இவ்வாறு பரவி இயற்கை மரஞ்செடிகளுக்கு இடைஞ்சலாகியுள்ளது. வெயிலில் நன்கு உலர்த்திய பின் எரியுங்கள்.

விற்பனை

முதலில் பத்துக் கன்று மட்டும் வையுங்கள். அருகிலுள்ள கடை, பாடசாலை, பூங்கன்று விற்பவர் ஆகியோரிடம் கேட்டறிந்த பின் தொகையைக் கூட்டுங்கள். தாய்க்கொடி ஒன்றை விற்காமல் வைத்திருங்கள். மீண்டும் இடம்மாற நேர்ந்தால் சாடியைச் சுமக்க வேண்டியதில்லை. ஒரு முழத் தண்டை ஈரத்துணியில் சுற்றி எடுத்துச் சென்றால் போகுமிடத்தில் திரும்பத் தொடங்கலாம்.