ஹமில்டன் கால்வாயும் எங்கள் தோணாவும்

வீட்டுப் பின்வளவோடு வாவி கிடக்கும் கல்முனைக்காரருக்கு, படகு விடுவதற்காக மண்ணைத் தோண்டி ஆறு செய்த கதை கொஞ்சம் வேடிக்கையாகத்தான் படும். மட்டக்களப்பில் இருந்து நம் பக்கம் வரைக்கும் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஆண்டவன் தந்த நீர்ப்பாதை நமக்குச் சும்மாவே கிடைத்தது. மேற்குக் கரையில் அப்படியில்லை. தென்மேல் பருவக்காற்று எழும்பினால் அங்கே கடல் படகுகளை விடாது. புத்தளத்து உப்பும் கொப்பராவும் கருவாடும் கொழும்புக்குப் போய்ச் சேர, கரைக்கு உள்ளேயே ஒரு தண்ணீர் வழி வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் களப்புகளை ஒன்றோடொன்று வாய்க்காலால் இணைத்தார்கள். பின்வந்த பிரித்தானியர் 1802இல் தொடங்கி 1804இல் வெட்டி முடித்ததுதான் ஹமில்டன் கால்வாய். களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் நடுவே 14.5 கிலோமீற்றர். வருவாய், வணிக முகவராக இருந்த கெவின் ஹமில்டனின் பெயரைச் சூட்டினார்கள்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. கால்வாய்க்குப் பக்கத்தில் கிடக்கும் முத்துராஜவெல சதுப்பு, கோட்டை அரசர் காலத்தில் நெல் விளைந்த நிலம். ஒல்லாந்தர் வெட்டிய வாய்க்கால் வழியே கடல்நீர் ஏறி வயலைக் கெடுத்தது. அந்த உப்புத் தண்ணீரை வடித்துவிடலாம் என்றும் நம்பித்தான் பிரித்தானியர் இதையும் வெட்டினார்கள். உப்பு போகவில்லை, நெல்லும் திரும்பவில்லை. படகு மட்டும் நன்றாக ஓடியது. ஓலைக்கூரை போட்ட தட்டைப் படகுகள் கம்பு ஊன்றிக்கொண்டு சரக்கோடு போய்வந்த காலம் அது.

அதை முடித்துவைத்தது ரயில். பாதை 1909இல் நீர்கொழும்பையும் 1916இல் சிலாபத்தையும் 1926இல் புத்தளத்தையும் எட்டியது. பிறகு லொறி. இன்றைக்கு வத்தளைப் பக்கம் போனால் மீன்பிடி வள்ளங்கள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வெள்ளைக்காரப் பயணிகளை ஏற்றிக்கொண்டு சதுப்பைக் காட்டப் போகும் படகுகளும் உண்டு. யுத்தம் முடிந்தபின் கால்வாயைச் சீர்செய்து கரையில் நடைபாதையும் போட்டார்கள். கண்ணுக்கு அழகுதான். ஆனால் கரையைக் கட்டுவது வேறு, தண்ணீரைக் காப்பது வேறு. முத்துராஜவெலயின் வட பகுதி 1996இல் சரணாலயமானது. ஆனாலும் 2021இல் சதுப்பு நிலத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கையில் கொடுக்க வர்த்தமானி வந்தபோது, கர்தினால் மெல்கம் ரஞ்சித் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. மழைவெள்ளத்தைத் தாங்கி நிற்கிற சதுப்பை நிரப்பிவிட்டு அருகில் நடைபாதை போட்டு என்ன பயன்?

எப்படியோ, அதற்கு வழக்குப் பேச ஆள் இருக்கிறது. எங்கள் நீர்வழிகளுக்குப் பிறந்த ஆண்டும் இல்லை, பெயர் கொடுத்த துரையும் இல்லை. தாம்போதி வருமுன் கிட்டங்கியைக் கடந்தது வள்ளத்தில்தான். படுவான்கரை நெல்லும் தண்ணீர் வழியாகவே வந்தது. மண்முனையில் பாலம் திறந்தது 2014இல்தான். அதுவரை ‘பாதை’ என்ற மிதவைப் படகுதான் ஓடியது. பழைய காலத்தை நினைத்து உருகுகிறவர்கள் கிண்ணியா குறிஞ்சாக்கேணியையும் நினைக்க வேண்டும்: 2021 நவம்பரில் அங்கே பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் மௌத்தானார்கள். பாலம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சாய்ந்தமருதுத் தோணாவின் கதை வேறு. மாரியில் ஊருக்குள் நிற்கும் வெள்ளம் கடலுக்கு வடியும் வழி அது. இப்போது ஆற்றுவாழையும் குப்பையும் நிறைந்து கிடக்கிறது. மழை கொட்டினால் இயந்திரம் கொண்டுவந்து முகத்துவாரத்தை வெட்டுகிறார்கள்; வெயில் வந்ததும் மறந்துவிடுகிறார்கள். சுனாமிக்குப் பிறகு கரவாகு வட்டையில் மண் போட்டு வீடு கட்டினோம். இருக்க இடம் இல்லாதவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வயலில் நின்ற தண்ணீர் எங்கே போகும் என்று அன்றைக்கே ஒரு வரைபடம் போட்டிருக்கலாம். இப்போதும் காலம் கடந்துவிடவில்லை: தோணாவின் இரு கரையையும் அளந்து எல்லைக்கல் நடுவதற்கு வெளிநாட்டு உதவி எதுவும் தேவையில்லை, மாநகர சபையிலும் பிரதேச செயலகத்திலும் ஆள் இருந்தால் போதும்.