அப்லோட் செய்யும் முன் தேடிப் பாருங்கள்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் பதற்றத்துடன் போன் செய்தார். அவருடைய வருமான வரிக் கணக்கு பி.டி.எப். பைலில் வைரஸ் இருப்பதாக ஆண்ட்டி வைரஸ் புரோகிராம் எச்சரித்துள்ளது. உடனே அதை வைரஸ்டோட்டல் தளத்திற்கு அனுப்பிச் சோதித்துள்ளார். "இப்போது அதை வேறு யாராவது பார்க்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.

ஸ்பெயின் நாட்டின் ஹிஸ்பாசெக் நிறுவனம் 2004ல் தொடங்கிய தளம் இது. 2012ல் கூகுள் இதனை வாங்கியது. நாம் தரும் பைலை எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்ட்டி வைரஸ் இஞ்சின்கள் சோதித்து முடிவு சொல்கின்றன. அந்த பைல் தளத்திலேயே சேமிக்கப்படும். ஆண்ட்டி வைரஸ் நிறுவனங்களும், கட்டணம் செலுத்தும் ஆய்வாளர்களும் அதனை டவுன்லோட் செய்திடலாம். புதிய வைரஸ்களைத் தேடிப் பிடிப்பதே இவர்களின் வேலை. இந்தக் கூட்டு முயற்சிதான் தளத்தின் பலம். நம் சொந்த பைல்களுக்கு அதுவே ஆபத்து.

எனவே அப்லோட் செய்யாமல் தேடுவதே நல்லது. ஒவ்வொரு பைலுக்கும் ஹாஷ் எனப்படும் கைரேகை போன்ற ஓர் அடையாளம் உண்டு. பைலின் பெயரை மாற்றினாலும் இது மாறாது. கம்ப்யூட்டரில் 7-ஜிப் புரோகிராம் இருந்தால், பைலின் மீது ரைட் கிளிக் செய்து, சி.ஆர்.சி. எஸ்.எச்.ஏ. என்ற மெனுவில் எஸ்.எச்.ஏ.-256 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பைலைத் திறக்க வேண்டாம். கிடைக்கும் 64 எழுத்துகளை காப்பி செய்து, வைரஸ்டோட்டல் தளத்தின் சர்ச் பிரிவில் பேஸ்ட் செய்திடுங்கள். வேறு யாரேனும் அதே பைலை முன்பு அனுப்பியிருந்தால் முடிவு உடனே கிடைக்கும். உங்கள் பைல் உங்களிடமே இருக்கும்.

முடிவுடன் வரும் மற்ற பிரிவுகளையும் பாருங்கள். கம்யூனிட்டி பிரிவில் பிறர் எழுதிய குறிப்புகளும் ஓட்டுகளும் இருக்கும். ரிலேஷன்ஸ் பிரிவு, அந்த பைல் எந்தத் தளங்களுடன் தொடர்பு கொள்கிறது எனக் காட்டும். இத்தொடர்புகளை வரைபடமாகக் காட்டும் கிராப் வசதி 2018ல் வந்தது. ஒரே தாக்குதலைச் சேர்ந்த பைல்கள், தளங்கள் ஆகியவற்றைத் தொகுத்துப் பகிரும் கலெக்‌ஷன்ஸ் வசதி 2021ல் வந்தது.

முடிவைப் படிப்பதிலும் கவனம் தேவை. ஓரிரு இஞ்சின்கள் மட்டும் எச்சரித்தால் அது தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். ஒன்றும் எச்சரிக்காவிட்டால் பைல் பாதுகாப்பானது என்றும் சொல்ல முடியாது; வைரஸ் மிகப் புதியதாக இருக்கலாம். ஹாஷ் கிடைக்கவில்லை என்றால், அந்த பைல் அங்கு இன்னும் வரவில்லை என்று மட்டுமே பொருள். கடைசியாகச் சோதித்த தேதியையும் பாருங்கள்.

இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கும் புரோகிராம்களை தாராளமாக அப்லோட் செய்திடலாம். ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மெண்ட், மருத்துவ அறிக்கை, அலுவலக பைல்கள் வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்ட் மாற்ற உங்களுக்கு வந்த லிங்க்கையும் அங்கு சோதிக்கத் தராதீர்கள்.

நண்பரை, பைலை நீக்கும்படி தளத்தினருக்கு எழுதச் சொன்னேன். ஆனால் அதற்குள் யாராவது டவுன்லோட் செய்திருந்தால், அந்தப் பிரதியைத் திரும்பப் பெற வழியில்லை.